மிதவையில் ஒரு துளை

"அப்பா, இன்னிக்கும் ஒழுகுது!"

ஷெட்டிலிருந்து மகன் குரல் கொடுத்ததும் பெரியவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அரதப் பழசான மோட்டார் சைக்கிள். அதன் அடியில் பெட்ரோல் சொட்டிச் சொட்டித் தரை கறுத்துப் போயிருந்தது.

"நீங்க கை வெச்சாத்தான் இது அடங்கும். இந்தக் கார்புரேட்டரோட சூட்சுமம் கடைக்காரன் எவனுக்கும் தெரியாது."

பெரியவருக்கு முகம் மலர்ந்தது. நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த கை, சும்மா இருக்குமா?

அதுதான் போன மாதம்வரை வீட்டில் தலைவலி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்க, நாற்காலி கிறீச்சிடுகிறதென்று அடியில் புகுந்து எண்ணெய் விட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்துப் போட்டார். "உங்கப்பாவா, நானா?" என்று அவள் அழுத மறுநாள்தான் மகன் இந்த வண்டியைத் தூசி தட்டி எடுத்தான்.

வீடு அமைதியானது. தினமும் விடிந்ததும் மகன் முதல் வேலையாக ஷெட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருவான். "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பெரியவர் கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே மிதக்கும் பித்தளை மிதவையைக் காதோரம் குலுக்கினார். பெட்ரோல் தளும்பியது.

"ஓட்டை விழுந்து முழுகிடுச்சு. முழுகினா பெட்ரோல் நிக்காது."

வெந்நீரில் அமுக்கினார். பழைய ஒட்டுகளுக்கு நடுவே ஒரே இடத்திலிருந்து முத்து முத்தாகக் குமிழ் வந்தது.

"பழசாயிடுச்சுல்லப்பா, அதான் இத்துப்போகுது" என்றான் மகன்.

"பழசானா ஓரத்துல விடும். இது நட்டநடு வயித்துல, உள்பக்கமா அமுங்கியிருக்கு."

பெரியவர் உள்ளிருந்த பெட்ரோலை வடித்தார், ஈயம் வைத்து அடைத்தார், எல்லாவற்றையும் பூட்டினார். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"உங்க கைராசியே ராசிப்பா!"

பெரியவர் எஞ்சினை அணைத்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இனிமே ஆணியால குத்தாதேப்பா, வேலை நேரத்துல வீட்டுக்குள்ள வராதீங்கன்னு சொன்னாலே போதும்."