எண்ணூர் கேரவன்

எண்ணூர்க் கடற்கரையில் நின்ற பழைய ஷூட்டிங் கேரவனில் ஜெனரேட்டர் ஓடியது, உள்ளே மட்டும் கரண்ட் வரவில்லை. மெக்கானிக் சௌக்கத் அலி ஜெனரேட்டரை நிறுத்தி, வழக்கம்போல ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது பையில் இருந்தால்தான் ஒயரில் கைவைக்க அவருக்குத் துணிச்சல் வரும்.

"இன்னா பாய், என்மேல நம்பிக்க இல்லியா?" என்றான் டிரைவர் எழிலன்.

"நீ நல்லவன்தான் நைனா. சுவிட்ச கண்டா உன் விரலுதான் சும்மா இருக்காது."

கதவுக்கு வெளியே இருந்த ஒயர் பெட்டிக்குள் கைவிட்டு, அறுந்துகிடந்த ஒயரின் இரு முனைகளையும் விரல்களால் சேர்த்துப் பிடித்தார். ஆளில்லாத கேரவனுக்குள், மேக்கப் கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் எல்லாம் எரிந்தன. எழிலன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். சௌக்கத்தும் ஒயரை விடப்போனார்.

"கைய எடுத்துடாத பாய்," என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல். "பொட்டு மட்டும் வெச்சிக்கிறேன்."