அண்ணியின் ஏபிஐ சாவி

"அண்ணி, வீட்டுச் சாவியைத் தெருவுல தொங்கவிட்டுட்டு வந்திருக்கீங்க!"

நாத்தனார் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரி. அண்ணியோ பேருந்து நிலைய விசாரணை கவுன்ட்டரில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவள். தட்டச்சு செய்வதை உரக்கப் படிக்கும் ஓர் ஆப்பை, ஏஐ தளம் ஒன்றின் உதவியோடு ஒரு வாரமாகத் தானே செய்துகொண்டிருந்தாள்.

"குரலுக்கு ஏபிஐ சாவி, அதான் என் கணக்கோட அந்த நீளமான ரகசிய எழுத்து வரிசை, வேணும்னு அந்த ஏஐதானே கேட்டுச்சு? குடுத்தேன்."

"அதுக்காக சாட்லயா ஒட்டுவீங்க? நாளைக்கு யாருக்காவது இந்த சாட்டோட லிங்க்கை அனுப்பினா, அவங்க உங்க கணக்கை உங்க பேர்லயே ஓட்டுவாங்க. இதோ, 'ரகசியங்கள்'னு தனிப் பெட்டியே இருக்கு பாருங்க."

"சரி, அதையே எடுத்து இதுல போடு."

நாத்தனார் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வெளிய வந்த சாவி வந்ததுதான். பழசை ரத்து பண்ணிட்டுப் புதுசு எடுக்கணும்."

"திங்கக்கிழமை இது ஓடலைன்னா என்னை ஃபைல் ரூமுக்கு அனுப்பிடுவாங்க. மேனேஜர் கறாரா சொல்லிட்டார். நீ என்னடான்னா பெட்டி, சாவின்னு கதை அளக்கறே."

"அங்கேயும் ஃபேன் இருக்கும் அண்ணி."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்!"

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணியே பழைய சாவியை ரத்து செய்தாள். புதியதை எடுத்துப் பெட்டியில் ஒட்டினாள். எழுத்துகள் கறுப்புப் புள்ளிகளாக மறைந்தன. ஆப்பை ஓட்டினாள். 'சாவி செல்லாது' என்று சிவப்பில் வந்தது. அண்ணியின் முகம் வாடியது.

"இருங்க, பயப்படாதீங்க. ஒட்டும்போது கடைசியில ஒரு காலி இடமும் சேர்ந்து வந்திருக்கும். அதை அழிங்க."

அழித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்து, பட்டனை அழுத்தினாள்.

"தள்ளாதீங்க! அடுத்த பஸ் மூணாம் நம்பர் பிளாட்பாரம். நாத்தனார்களுக்கெல்லாம் முன்னுரிமை கிடையாது!" என்று ஒரு பெண் குரல் அறை முழுக்க அதட்டியது.

நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். தொண்டை அறுவை சிகிச்சையில் குரலை இழந்து எட்டு மாதமாக, இதோ சற்று முன்புவரைகூட, தாளில் எழுதி எழுதியே வாயாடிய அண்ணி, பேனாவை மூடி வைத்தாள்.