கட்டாத கப்பலைச் சுற்றி

மத்தியானச் சங்கு ஊதி ஓய்கிறது. ஸ்பெயினின் கலீசியக் கரையில், கப்பல் கட்டும் தளத்தில், வெல்டர் சபேலா முகக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு சாப்பிடக் கிளம்புகிறாள். தூறல் நின்றிருக்கிறது. ஐந்தாவது போர்க்கப்பல் எழவேண்டிய இடத்தைக் காட்டித் தரையில் போட்ட வெள்ளைக் கோடு மட்டும் ஈரத்தில் மினுங்குகிறது. பட்ஜெட்டில் வெட்டு விழுந்து, அந்தக் கப்பல் வேண்டாமென்று மாட்ரிட்டிலிருந்து கடிதம் வந்து ஏழு மாதமாகிறது. கோடு போட்டபின் அதைத் தாண்டினால் கப்பலுக்கு ஆகாது என்பார்கள் இங்கே. கேன்டீன் நேர் எதிரே இருந்தும் அவள் கோட்டைச் சுற்றித்தான் போகிறாள். "எந்தக் கப்பலுக்கு ஆகாதுன்னு இந்தச் சுத்து சுத்துற? சூப்பு ஆறிடும்டி," என்கிறான் கூட வேலை செய்யும் மோன்ச்சோ. "எங்கடா, நீ தாண்டு பாப்போம்." அவன் காலைத் தூக்குகிறான். தூரத்துக் கடலில் வேறேதோ நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று நிதானமாகப் போகிறது. "நம்ம கடலுக்கு எவனோ காவல்," என்று முணுமுணுத்துவிட்டு, தூக்கிய காலை இந்தப் பக்கமே வைக்கிறான். அவள் பின்னாலேயே சுற்றி வருகிறான். முந்தைய நான்கு கப்பல்களையும் கட்டியபோது அவற்றின் மூக்கு துருத்திக்கொண்டு நின்ற முனை வந்ததும், இடித்துவிடாமல் இருவரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். மேலே வானம்தான் இருக்கிறது.