தனி வட்டல்

அடிநாக்கில் புற்றுநோய் வந்த புருஷனைக் கோழிப்பண்ணைத் தீவன ரூமில் படுக்க வைத்து, தனித் தட்டில் கஞ்சி ஊற்றுகிறவளை நீங்களாக இருந்தால் சும்மா விடுவீர்களா?

குப்பாயியும் விடவில்லை. தம்பி காளியப்பனின் நிலைமை காதுக்கு எட்டியதும், தூக்குப் போசியில் ராகிக் கூழோடு எருமப்பட்டியில் பஸ் ஏறிவிட்டாள்.

தம்பி பெண்டாட்டி மஞ்சுளா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க நங்கை," என்று நாத்தனாரை வரவேற்றாள்.

"வாரதெல்லாம் இருக்கட்டும். எந்தம்பி எங்க?"

"பண்ணையிலிங்க."

"மூட்டையோட மூட்டையாவா?"

மஞ்சுளா ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"தட்டு தனியாம், டம்ளர் தனியாம். ஊரே சிரிக்குது. சீக்கு வந்த கோழியக்கூட இப்படித் தள்ளி வெக்க மாட்டாங்க அம்மணி."

"கோழியத்தானுங்க நங்கை அப்படித் தள்ளி வெப்பாங்க."

"எகத்தாளத்துக்குக் கொறைச்சலில்ல. நானும் அவனும் ஒரே வட்டல்ல சோறு தின்னு வளந்தவங்க. இன்னிக்கே கூட்டிட்டுப் போயி என் வட்டல்லயே போட்டுத் திங்கறேன், பாரு."

பண்ணை கேட்டில், வெளியாட்கள் கால் நனைத்து வருவதற்கென்று மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. குப்பாயி அதை ஒரே தாண்டாகத் தாண்டினாள். மஞ்சுளா பின்னால் ஓடினாள்.

தீவன ரூம் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வெளியே ஒரு தட்டில் பாதிக் கஞ்சி மிச்சம்.

"சாமி, அக்கா வந்திருக்கறேன். கதவத் தொற."

சன்னலில் காளியப்பன் தெரிந்தான். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தான்.

"அக்கா, அங்கயே நில்லு. தொட்டில கால் நனைச்சியா?"

"உம்பொண்டாட்டி உன்னய இங்க அடைச்சுப் போட்டுட்டு..."

"அவ எங்க அடைச்சா? நாந்தான் தாப்பாள் போட்டிருக்கறேன். இது பொகையிலையால வந்ததில்லையாம். ஏதோ வைரஸாம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒரு கோழிக்கு வைரஸ் வந்தா நான் என்ன பண்ணுவேன்? பிரிச்சு வெப்பேன். ஊட்டுல புள்ளைங்க இருக்குதல்ல?"

"ஒண்ணாத் தின்னா ஒட்டாதுன்னும் அதே டாக்டரம்மாதான் சொன்னாங்க," என்றாள் மஞ்சுளா. "எப்பவோ வந்ததாம். நெறயப் பேருக்கு வந்து தானாப் போயிருமாம், இவருக்குத் தங்கிருச்சாம். ரேடியேஷன்னு கரண்ட் வைத்தியம் வெச்சா நல்லாக் கேக்குமாம்."

"டாக்டரம்மா கோழி வளத்திருக்காங்களா?" என்றது சன்னல்.

"பாருங்க நங்கை. இதையே சொல்லறாரு. வைரஸுன்னு வெளிய தெரிஞ்சா முட்டை லாரி நம்ம பண்ணைக்கு வராதுன்னு எங்கிட்டச் சத்தியம் வேற வாங்கிட்டாரு. அதான் ஊரு பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டு..."

மஞ்சுளா திரும்பினாள்.

தூக்குப் போசி மட்டும் தரையில் இருந்தது. குப்பாயி கேட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, தொட்டிக்குள் இரண்டு காலோடும் நின்றாள். முந்தானை மூக்கில் இருந்தது.

மஞ்சுளா கதவோரம் உட்கார்ந்து, புருஷன் மிச்சம் வைத்த தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்ணற? கீழ வைய்யி."

"நீங்க மிச்சம் வெக்கறத தெனமும் நாந்தான் திங்கறேன். ஒட்டற சீக்கா இருந்தா இந்நேரம் நானும் தலையத் தொங்கப் போட்டிருக்கோணுமல்ல?"

கோழிக்காரனுக்கு அந்தக் கணக்குப் புரிந்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் விலகியது.

மஞ்சுளா தட்டை வழித்து முடித்துவிட்டு, தொட்டியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நங்கை, கால் ஊறுனது போதும், வாங்க. உங்க தம்பி கட்டிலை ஊட்டுக்குத் தூக்கோணும், அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க."