தடவிவிட்ட பூ

கஞ்சாப் பூவைப் பிய்த்த இடமெல்லாம் முற்றிய விதை. ஏனென்று பவளராணிக்கு விளங்கவில்லை. வீட்டில் நாலு செடி வளர்க்கக் கனடாவில் சட்டம் விட்டிருந்தது. புற்றுநோய் மருந்து ஏற்றியபின் கணவர் கனகலிங்கம் ஒரு வாய் சோறாவது இறக்கட்டும் என்றுதான் முதன்முதலாக இரண்டு வைத்தாள்.

விதை தந்த திரேசாவுக்கு அழைத்தாள்.

"பூ முழுக்க விதையடி. ரண்டிலை ஒண்டு ஆண். பாகலுக்குச் செய்யிற மாதிரி, அதின்ரை பூவைப் பிடுங்கி மற்றதிலை நானே தடவிவிட்டனான்."

"ஐயோ அக்கா! காய்க்கவே வளர்த்தனீங்கள்? மருந்து பூவின்ரை பிசினிலையெல்லோ இருக்கு. விதை பிடிச்சால் பிசின் குறைஞ்சுபோம்!"

உள்ளே கனகலிங்கம் ஓங்காளிக்கும் சத்தம் கேட்டதும் பவளராணி அழுதுவிட்டாள்.

"அழாதேங்கோ. மற்ற இனமெண்டால் பகல் குறுகுமட்டும் பூக்காது. இது வயது வந்தால் தானாய்ப் பூக்கும். பனிக்கு முதல் இன்னொருக்கால் எடுக்கலாம். விதைதான் உங்களிட்டை நிறையக் கிடக்கே!"

அன்றே நாலு விதை ஊன்றினாள். ஒரு மாதத்தில் அவற்றில் ஒன்று கணுவில் சின்னஞ்சிறு மணிகளாக மொட்டுக் காட்டியது. ஆண். பூக்கப்போகும் செடியை அவள் ஒருநாளும் பிடுங்கியதில்லை. மொட்டு விரியுமுன்னே அதை வேரோடு பிடுங்கினாள். மற்ற மூன்றிலும் விதை பிடிக்கவில்லை.