மூடாத சிடி

சிடியைப் போட்டதும் திரையில் மகன் வந்துவிட்டான். நீலச் சட்டை, சீவாத தலை, அதே சிரிப்பு. "அம்மா, நான் நல்லா இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடறேன்" என்றான். அவன் சொல்வதற்கு ஒரு நொடி முன்பே அம்மாவின் உதடுகள் அதைச் சொல்லி முடித்திருந்தன.

"பார்த்தீங்களா தம்பி, இங்க ஓடுது" என்றாள் ரிப்பேர்காரரிடம். "எங்க அக்கா வீட்டுல போட்டா ஒண்ணுமே இல்லைங்குது."

அக்கா வீட்டில் நடந்ததை அவளால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கடல் தாண்டிப் போன பிள்ளை மாதம் தவறாமல் பேசி அனுப்புகிறான் என்று பெருமையாக எடுத்துப் போனாள். அந்தக் கம்ப்யூட்டரோ சிடி காலி என்று கையை விரித்துவிட்டது. அக்கா தன் மருமகள்களைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தாள். வீடு திரும்பியவள் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

அப்பாவும் என்னென்னவோ சொல்லித் தட்டிக்கழித்துப் பார்த்தார். அக்கா வீட்டு டிரைவில் தூசி என்றார், சிடியில் கீறல் என்றார், மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் சிடியைத் துடைத்தும் காட்டினார். எதுவும் அவளிடம் எடுபடவில்லை. தானே போய் ரிப்பேர்காரரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

அவள் டீ போட உள்ளே போனாள். ரிப்பேர்காரர் சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீறல் எதுவும் இல்லை. மறுபடி உள்ளே தள்ளி, எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சப்பை மேட்டர் சார். இது அழிச்சு அழிச்சு எழுதற சிடி. எழுதினதும் இதோட முடிஞ்சதுன்னு மூடணும், அதை விட்டுட்டீங்க. மூடாத சிடி எழுதின டிரைவ்ல ஓடும், மத்ததுக்குப் பெரும்பாலும் காலியாத்தான் தெரியும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "இந்தக் கம்ப்யூட்டர்ல எழுதினதுதானே?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மகனிடமிருந்து சிடி வருவது நின்று வருஷக்கணக்காகிறது. கடைசியாக ஃபோனை எடுத்தபோது, இனிமேல் கூப்பிடாதீங்க என்று சொல்லி வைத்துவிட்டான். அதைப் பெற்றவளிடம் சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. அவள் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, பழைய பேச்சுகளை வெட்டி ஒட்டி, ஒரே சிடியில் அழித்து எழுதி, "பையன் அனுப்பியிருக்கான்" என்று நீட்டுவார். திருட்டு வேலையின் அவசரத்தில் சிடியை மூட யாருக்கு நினைவு வரும்?

திரும்பினால், கதவருகே டீத் தட்டோடு அவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

ரிப்பேர்காரர் இருவர் முகத்தையும் பார்த்தார். டீயை அவசரமாகக் குடித்துவிட்டு, வேறு ஒரு வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் கத்தினால் தேவலை, அழுதால் கூடத் தேவலை என்றிருந்தது. அவளோ சிடியை எடுத்து, ஓரத்தில் இருந்த விரல் ரேகையைத் துடைத்து, உறையில் போட்டாள்.

"நான் வந்து... பையன் வந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கண்ணீர் முந்திக்கொண்டது.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உறையை அவர் கையில் வைத்தாள்.

"அடுத்த மாசமும் நான் கடைக்குப் போனதும் உட்காருவீங்கல்ல, அப்ப மறக்காம மூடிடுங்க. அக்காவும் அவனைப் பார்க்கட்டும்."