அழித்துவிட்ட கடிதம்

கணவன் கணினியின் முன் உட்கார்ந்ததுமே அவள் துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள். துடைத்த மேஜையையே மூன்றாம் முறையாகத் துடைத்தாள்.

"நல்லாத்தானே ஓடுது? எதுக்கு இப்ப மாத்துறீங்க?"

"பழைய சாஃப்ட்வேரை எடுத்துட்டு ஓப்பன் சோர்ஸ் போடப்போறேன். உள்ள என்ன நடக்குதுன்னு யார் வேணும்னாலும் பிரிச்சுப் பார்க்கலாம். ஒளிவுமறைவே கிடையாது."

ஒளிவுமறைவு என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. போன வாரம் அவள் அண்ணனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது கணினி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி உயிர் வந்ததும், பயந்துபோய்க் கடிதத்தை அழித்துவிட்டாள். சுவடே இல்லை.

"பழசு உங்க கம்பெனி செஞ்சதாச்சே! சம்பளத்தை வாங்கிட்டு அவங்க சரக்கையே வேண்டாங்கறீங்களே?"

அவன் திரும்பவில்லை. "அது நின்னுபோனா, அந்த நேரத்துல திரையில இருந்ததை அப்படியே எங்க ஆபீசுக்கு அனுப்பிடும். அதைப் படிச்சுக் கோளாறைக் கண்டுபிடிக்கிறதுதானே என் வேலை."

துணி கையிலிருந்து நழுவியது.

"'அண்ணா, இவரோட இனிமே இருக்க முடியாது, வந்து கூட்டிட்டுப் போ'ன்னு ஒண்ணு வந்துச்சு." அவன் புதுசை ஏற்றும் பொத்தானை அழுத்தினான். "புதுசு யாருக்கும் எதையும் அனுப்பாது. இனிமே நீ எழுதறதை யாரும் படிக்க முடியாது. நான்கூட."